கேள்விக்குறியாகிப்போன கதை

நம் பேரவையின் பழைய ஆண்டிதழ்களையெல்லாம் தேடி எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று செயலவைக் கூட்டத்தில் முடிவானது. "தம்பி, நீ கணினித் துறைதானே, நீயே பார்த்துக்கொள்" என்று தலைவர் அக்கா ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்துவிட்டார். அதற்குள் ஒன்பது குறுந்தட்டுகளும் நான்கு டிஸ்கெட்டுகளும் இருந்தன. ஆண்டிதழுக்கு வந்த கதை, கவிதை, கட்டுரை எல்லாம் அச்சுக்குப் போகுமுன் இருந்த நிலையில் கோப்பாக இருந்தன. அச்சான பிரதி நம் அறையில் எல்லா ஆண்டுக்கும் இல்லை. வெள்ளம், இடமாற்றம், இரவல் வாங்கிப் போனவர்கள் என்று காரணங்கள் பல. ஆகவே சில ஆண்டுகளுக்கு இந்த டின் மட்டுமே மிச்சம்.

மடிக்கணினியில் முதல் கோப்பைத் திறந்தேன். திரை முழுக்கப் பின்னங்களும் நாணயக் குறிகளும் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும். பக்கத்தில் இருந்த நண்பன் எட்டிப் பார்த்து, "கோப்பு கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு" என்றான். இதைத்தான் நம்மில் பெரும்பாலோர் சொல்கிறோம், இப்படித்தான் தூக்கிப் போட்டும் இருக்கிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அந்தக் கோப்பில் ஒரு பைட்டுகூடக் கெடவில்லை. அது எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதை எவரும் எங்கும் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான் நடந்த குற்றம்.

கணினித் துறை சாராத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எளிய உரைக்கோப்பு என்பது எண்களின் வரிசை. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற பட்டியல் கோப்புக்குள் இருக்காது, வெளியே எங்கோ இருக்கும். 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். திஸ்கி முறையில் அது 190, 193, 162, 250 என நான்கு எண்கள். இதே நான்கையும் மேற்கு ஐரோப்பியப் பட்டியலை வைத்துப் படித்தால் முக்கால் பின்னம், தலையில் கோடிட்ட ஓர் ஆங்கில 'ஏ', சென்ட் குறி, கோடிட்ட ஒரு 'யூ' என்று திரையில் வரும். இலங்கைத் தமிழரிடையே மிகப் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் அதே சொல் 106, 107, 112, 111, 59. எழுத்துரு இல்லாத கணினியில் இது 'ஜே, கே, பி, ஓ' என நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இன்று நாம் எல்லோரும் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 164 என்று தொடங்கிப் பதினைந்து எண்கள். ஒரே சொல்லுக்கு மூன்று உடல்கள்.

ஏன் இத்தனை முறைகள் என்று கேட்டால், நம் முன்னோடிகளின் மேல் பழி போடுவது எளிது. நான் போட மாட்டேன். யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது உண்மைதான். ஆனால், மைக்ரோசாஃப்டின் கணினிகளில் தமிழ் தானாகத் தெரிய 2000ஆம் ஆண்டு விண்டோஸ் வர வேண்டியிருந்தது. அதற்குள் எழுத வேண்டியவர்கள் எழுதியாக வேண்டுமே! நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டு முறைகளை அறிவித்தது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் கூடிச் செய்த திஸ்கியில்தான் மதுரைத் திட்டம் தன் பழந்தமிழ் நூல்களை முதலில் வெளியிட்டது. எட்டு பிட்டில் ஆங்கிலத்துக்குக் கீழ்ப்பாதியை விட்டுவிட்டால் மிஞ்சுவது 128 இடம். நம் எழுத்தோ 247. எந்த உயிர்மெய்யை முழுதாக வைப்பது, எதைத் துண்டு துண்டாக வைத்துச் சேர்ப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவுகள்தான் இன்று பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? லினக்ஸ் கற்ற எவரும் முதலில் கைவைப்பது 'ஃபைல்' என்ற கட்டளையில். கட்டளை வரியில் அதன் பெயரையும், சிறிய 'ஐ' என்ற விசையையும், கோப்பின் பெயரையும் தட்டினால் ஒரே வரியில் பதில் வரும். (மேக் வைத்திருப்பவர்கள் பெரிய 'ஐ' போட வேண்டும். சிறியதைப் போட்டால் 'சாதாரணக் கோப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். எனக்கு அரை மணி நேரம் வீணானது இப்படித்தான்.) டின்னில் இருந்த அறுபத்து மூன்று உரைக்கோப்புகளையும் அதனிடம் கொடுத்தேன். சிலவற்றுக்கு யூடிஎஃப்-8 என்றது. சிலவற்றுக்கு ஐஎஸ்ஓ-8859-1 என்றது. இன்னும் சிலவற்றுக்கு, எட்டு பிட்தான், எதுவென்று தெரியாது என்றது. ஒரு பெரிய கூட்டத்துக்கு ஆஸ்கி என்றது.

ஆஸ்கி என்று வந்த பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பல்கலைக்கழக நிர்வாகத்துக்குப் பேரவை அனுப்பிய மலாய்க் கடிதங்கள் அதில் இருந்தன. சரிதான், மலாய் மொழியை ரோமன் எழுத்தில் எழுத வெறும் இருபத்தாறு எழுத்து போதும், ஆஸ்கியில் முழுதும் அடங்கிவிடும். அதே பட்டியலில், அதே சொல்லோடு, அன்னையைப் பற்றிய ஒரு தமிழ்க் கவிதையும் இருந்தது. பாமினியில் தட்டியது. கணினியின் கண்ணில் கடிதமும் கவிதையும் ஒரே இனம். அது பொய் சொல்லவும் இல்லை. பாமினி ஏறத்தாழ எல்லாத் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே ஏற்றிவைத்தது. எண்ணைப் பார்த்தால் அது ஆஸ்கியேதான். அதைத் தமிழாக்கியது எழுத்துரு. சொற்செயலிக் கோப்பாக வைத்திருந்தால் எழுத்துருவின் பெயராவது உள்ளே இருந்திருக்கும். யாரோ ஒருவர் இடத்தை மிச்சப்படுத்த எளிய உரையாகச் சேமித்ததில் அந்தத் தடயமும் போயிற்று.

இந்தக் கட்டளை எப்படி முடிவெடுக்கிறது என்று பிறகு படித்தேன். கோப்பில் உள்ள எண்களெல்லாம் ஏழு பிட்டுக்குள் இருந்தால் ஆஸ்கி. இல்லையென்றால் யூடிஎஃப்-8இன் விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும். அந்த விதி கடுமையானது. 224 வந்தால் அடுத்த இரண்டும் 128க்கும் 191க்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும், ஒன்று தப்பினாலும் தள்ளிவிடும். அதனால் 'யூடிஎஃப்-8' என்ற பதிலைப் பெரும்பாலும் நம்பலாம். அதுவும் பொருந்தாவிட்டால், 160க்கு மேற்பட்ட எண்கள் மட்டும் இருக்கிறதென்றால் ஐஎஸ்ஓ-8859 என்று ஒரு பெயரைச் சூட்டும். 128 முதல் 159 வரையுள்ளவையும் கலந்திருந்தால் தெரியாது என்று கைவிரிக்கும். திஸ்கி என்றோ டாப் என்றோ ஒரு பெயர் அதன் பட்டியலிலேயே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. திஸ்கியில் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் 160க்கு மேல். கிரந்த எழுத்துகளோ கீழே, 'ஜ' 131. ஆக, தூய தமிழில் எழுதிய ஒருவரின் கட்டுரையை ஐரோப்பிய மொழி என்று அடித்துச் சொல்லும் கட்டளை, நடுவில் 'ஜோகூர்' என்று ஒரே ஓர் ஊர்ப்பெயர் வந்தால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. 'ஸ' இன்னும் மோசம். அதன் எண் 133. அதை ஒரு பழைய வரிமுடிவுக் குறி என்று எண்ணிக்கொள்ளும்.

வேடிக்கை என்கிறேனே தவிர, அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலை ஆராய்வதற்கு முன்பே நான் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் 'ஃபைல்' என்ன பெயர் சொல்கிறதோ அதையே எடுத்து 'ஐகான்வ்' என்ற மாற்றிக்குக் கொடுத்து, யூடிஎஃப்-8 ஆக்கி, பழையதன் மேலேயே எழுதும்படி நான்கு வரி நிரல் எழுதி ஓடவிட்டேன். மூன்று விநாடியில் முடிந்தது. ஐரோப்பிய மொழி என்று சொல்லப்பட்ட இருபத்தொரு திஸ்கிக் கோப்புகளும் முக்கால் பின்னங்களாகவும் சென்ட் குறிகளாகவும் அழகாக யூடிஎஃப்-8க்கு மாறின. இப்போது கேட்டால் 'ஃபைல்' அவற்றை யூடிஎஃப்-8 என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறது. தெரியாது என்று சொல்லப்பட்டவற்றை மாற்றி ஏற்க மறுத்துவிட்டதால் அவை பிழைத்தன. ஜோகூரைப் பற்றி எழுதிய அண்ணன்மார் எல்லோரும் தப்பித்தார்கள்.

நல்ல வேளையாக இந்தத் தவற்றைத் திருப்ப முடியும். யூடிஎஃப்-8இலிருந்து ஐஎஸ்ஓ-8859-1க்கு ஒரு முறை பின்னால் வந்து, கிடைத்ததைத் திஸ்கி என்று சொல்லி மறுபடியும் யூடிஎஃப்-8க்கு மாற்றினால் தமிழ் வந்துவிடும். லினக்ஸில் உள்ள ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும். திஸ்கியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால். அந்த இடமாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. முதல் கோப்பு தமிழாகத் திரையில் விரிந்தபோது விடியற்காலை மூன்று மணி. விடுதி அறையில் நண்பனை எழுப்பிக் காட்டினேன். "தூங்கு" என்றான்.

அதன் பிறகு நான் கருவியை நம்பும் முறையை மாற்றிக்கொண்டேன். ஆஸ்கி என்று வரும் கோப்பில் அரைப்புள்ளிகளை மட்டும் எண்ணினேன். இதற்குக் 'கிரெப்' கட்டளை போதும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிதான் அரைப்புள்ளி. தமிழில் ஒரு வரி எழுதினாலே ஏழெட்டுப் புள்ளி விழும். ஒரு பக்கக் கவிதையில் 112 அரைப்புள்ளி இருந்தது. எவ்வளவு நீண்ட ஆங்கில வாக்கியம் எழுதும் விரிவுரைஞரும் அப்படி எழுத மாட்டார்.

எட்டு பிட்டுக் கோப்புகள் இன்னும் சிக்கலானவை. திஸ்கியா, டாப்பா, வேறு ஒரு நிறுவனத்தின் சொந்த முறையா? தவறான முறையைச் சொல்லி மாற்றினாலும் சில நேரம் பிழைச்செய்தி வருவதில்லை, தமிழ் எழுத்துகளே வரும். படித்தால் ஒரு சொல்லும் தேறாது. ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்க்காமல் கட்டளை வரியிலேயே இதைப் பிடிக்க முடியுமா என்று யோசித்தபோது கைகொடுத்தது கணினி அறிவியல் இல்லை. தேசிய இடைநிலைப்பள்ளியில், மற்றவர்கள் எல்லாம் பேருந்து ஏறிப் போன பிறகு, ஆறு பேராக உட்கார்ந்து படித்த தமிழ் வகுப்பு. மொழிமுதல் எழுத்துகள்! தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்துச் சொல்லும் விதி. மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ழ, ள, ற, ன, ண வரிசைகளில் தொடங்காது. இதை ஏன் படிக்கிறோம் என்று அன்று நாங்கள் ஆசிரியையிடம் கேட்டிருக்கிறோம். இப்போது மாற்றிய உரையில் இந்த வரிசைகளிலும் புள்ளி வைத்த எழுத்திலும் தொடங்கும் சொற்களை எண்ணச் சொன்னேன். சரியான முறையில் மாற்றியதில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. 'க்யூபா' போன்ற ஓரிரு பிறமொழிப் பெயர்கள் மட்டும் வந்தன. தவறான முறையில் மாற்றியதில் ஒவ்வொரு வரியிலும் வந்தது. பன்னிரண்டு வரி நிரல். என் படிப்பில் நான் எழுதிய நிரல்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இதைச் சொல்வது பெருமைக்காக மட்டும் அல்ல (கொஞ்சம் பெருமையும் உண்டு). குறியேற்றத்தைக் கண்டறிவது என்பது கணினி எவ்வளவு முன்னேறினாலும் ஊகம்தான். ஊகிக்க மொழி தெரிய வேண்டும். ஐரோப்பிய மொழிகளுக்கும் சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளுக்கும் எழுத்துகளின் நிகழ்வெண்ணை வைத்து ஊகிக்கும் கருவிகள் நெடுங்காலமாக இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் அந்த மொழிகளில் நிறைந்த உரையை வைத்துப் பழக்கினார்கள். திஸ்கியும் பாமினியும் அவர்கள் மேசைக்குப் போகவில்லை. போக வேண்டிய வேலை யாருடையது? தமிழ் படித்து, நிரலும் எழுதத் தெரிந்து, இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் நம்முடையது என்றே நினைக்கிறேன். தமிழ்ப் படிப்பு ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம் என்று பேரவையிலேயே நாம் இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். இலக்கியக் குழுவில் இருப்பவர்கள் கோப்பை எங்களிடம் தள்ளுகிறார்கள், நாங்கள் அதைத் திறந்து பார்க்காமலேயே மாற்றித் தள்ளுகிறோம். நான் கெடுத்த இருபத்தொன்றும் அப்படிக் கெட்டவைதான்.

இதற்கு மறுப்புகள் கேட்டிருக்கிறேன். "இப்போதுதான் எல்லாம் யூனிகோடு ஆயிற்றே, பழங்கதை எதற்கு?" என்கிறார்கள். தமிழ்நாட்டு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுவிட்டது, இனி எழுதுவதற்குச் சிக்கல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே எழுதியது? நம் பேரவை மிகச் சுறுசுறுப்பாக எழுதிய ஆண்டுகள் எவை என்று பார்த்தால், அவை இந்தக் குழப்பம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள். "அச்சுப்பிரதியை வருடி, எழுத்துணரியில் போட்டால் ஆயிற்று" என்பது இன்னொரு மறுப்பு. அச்சுப்பிரதி இருந்தால் செய்யலாம். மங்கிய தாளில் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுத்துணரி மாற்றிப் படித்ததை நான் திருத்தியிருக்கிறேன். கோப்பிலோ எழுதியவர் தட்டிய எழுத்து, அவருடைய பிழையோடுகூட, அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தாளுக்குப் போவது எனக்குப் புரியவில்லை.

ஆகவே இதழ்க்குழுவிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மூலக்கோப்பின் மேல் எழுதாதீர்கள். மாற்றியதை வேறு பெயரில் வையுங்கள். என்ன குறியேற்றம், எந்த எழுத்துரு, யார் மாற்றியது என்று ஒரு வரி பக்கத்தில் எழுதி வையுங்கள். வட்டு இடம் இன்று மலிவு, உரைக்கோப்பு ஒன்று ஒரு கைப்பேசிப் படத்தைவிடச் சிறியது. இதைக்கூடச் செய்ய முடியாது என்றால் நாம் மொழி காப்பதைப் பற்றி மேடையில் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அந்தக் கோப்புக்கு வருகிறேன். அறுபத்து மூன்றில் அறுபத்திரண்டை மீட்டாயிற்று. மீட்க முடியாத ஒன்று திஸ்கியும் இல்லை, பாமினியும் இல்லை. யூனிகோடில் எழுதப்பட்டது. 2008ஆம் ஆண்டுச் சிறுகதைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற கதை என்று கோப்பின் பெயர் சொல்கிறது. அந்த ஆண்டு இதழும் நம் அறையில் இல்லை. யாரோ ஒருவர் அதை விண்டோஸின் நோட்பேடில் ஒட்டிச் சேமித்திருக்கிறார். அப்போது நோட்பேடின் இயல்பு ஆன்சி. யூடிஎஃப்-8ஐ இயல்பாக்கியது 2019இல்தான். சில எழுத்துகள் இழக்கப்படும், பரவாயில்லையா என்று அது ஓர் எச்சரிக்கை காட்டும். 'சரி' என்று அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு கொம்பும் புள்ளியும் 63 என்ற ஒரே எண்ணாயிற்று. 63 என்றால் கேள்விக்குறி. 'ஃபைல்' அதை ஆஸ்கி என்கிறது. இந்த முறை அது சொல்வது முற்றிலும் சரி.

அதை நான் பல முறை திறந்து பார்த்துவிட்டேன். இடைவெளிகள் பிழைத்திருப்பதால் எந்தச் சொல் நீளம், எந்தச் சொல் குட்டை என்பது தெரிகிறது. தலைப்பு இரண்டு சொல். முதல் சொல்லுக்கு ஆறு குறி, இரண்டாவதற்கு ஒன்பது. மேற்கோள் குறிகள் இருப்பதால் உரையாடல் எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது, ஒருவர் நீளமாகப் பேசுகிறார், மற்றவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார். பேசுபவர் ஏதாவது கேட்கிறாரா என்பது தெரியாது, ஏனென்றால் உண்மையான கேள்விக்குறியும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ரோமன் எழுத்தில் எழுதிய இரண்டு மலாய்ச் சொற்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. 'பாசார் மாலாம்' ஒரு முறை. 'சூராட்' நான்கு முறை. இரவுச் சந்தையில் தொடங்கி ஒரு கடிதத்தைப் பற்றிப் போகிற கதை போலும்.

அந்தக் கதையை எழுதிய அண்ணனோ அக்காவோ இந்த இதழை வாங்கிப் படிக்கிற முன்னாள் மாணவர்களில் ஒருவராக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பழைய கணினியிலோ, மேசை இழுப்பறையில் கிடக்கும் பென்டிரைவிலோ அது இருக்கலாம். மற்றவர்களிடமும் அந்த ஆண்டுகளின் கோப்புகள் இருக்கும். கிடைத்தால் திறந்து பார்க்க ஆசையாக இருக்கும், பாருங்கள். எழுத்து தாறுமாறாகத் தெரிந்தால் பதறாதீர்கள், 'சேமி' என்பதை மட்டும் அழுத்தாமல் மூடிவிடுங்கள். அப்படியே பிரதி எடுத்துப் பேரவை முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். எந்தக் குறியேற்றம் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.